போறணை வாய்

செப்டெம்பர் 3

பண்ணை வாங்கி ஒரு வருடம். வாங்கியது கொட்டகைகளுக்காக. மூன்று கடைக்கும் வேண்டிய அரிசி, மா, எண்ணெய், தூள் வகை எல்லாவற்றையும் நகரத்துக்குள் வாடகைக் களஞ்சியத்தில் வைத்திருந்தால் என் லாபத்தைக் களஞ்சியக்காரன்தான் தின்பான். இங்கே, வேல்ஸ் எல்லையோரம், நிலம் மலிவு. கேள்வி கேட்கச் செம்மறிகளைத் தவிர ஆளில்லை.

ஒரே இடைஞ்சல், முற்றத்து மூலையில் நிற்கும் இடிந்த கட்டடம். கூரை போய்ப் பல தலைமுறை. மூன்று கற்சுவர், நடுவில் வளைந்த வாயோடு ஒரு பெரிய அடுப்பு. பாண் சுடும் அடுப்பு; யாழ்ப்பாணத்தில் போறணை என்போமே, அதேதான். இந்தப் பண்ணை ஆட்களுக்கெல்லாம் அறுநூறு வருடத்துக்கு முன் இங்கேதான் பாண் சுட்டார்களாம். கொன்ரெய்னர் லொறி திரும்ப எனக்கு அந்த மூலைதான் வேண்டும். ஆனால் அதில் ஒரு கல்லை அசைத்தாலும் சட்டம் பிடிக்கும்.

இன்று ஹெலன் வந்தார். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. இடிபாடு மேலும் இடியாமல் அரசாங்கச் செலவிலேயே பாதுகாத்துத் தருவார்களாம். நான் வேலையாளை உள்ளே விட்டால் போதும். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லி நான் கடை வைத்து முன்னேறவில்லை. நாளைக்குக் கொட்டகையைப் பெருப்பிக்க அனுமதி கேட்கும்போது இந்த நல்ல பெயர் உதவும். சம்மதித்தேன்.

செப்டெம்பர் 9

கல்வேலை மேசன் வந்தார். பெயர் கேரத். வேல்ஸ்காரர். என்னைவிட ஒரு முழம் உயரம், வெள்ளைத் தாடி, இடது கையில் ஒரு விரல் பாதிதான். இங்கிலிஷைப் பாட்டுப்போல இழுத்துப் பேசுகிறார். அடுப்பு வாயின் வளைவைத்தான் முதலில் பார்த்தார். கற்களுக்கு இடையே இருந்த பழைய சுண்ணாம்பு எல்லாம் மண்ணாகிவிட்டதாம். சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்பை இறுக்க வேண்டும். "சீமெந்து பூசினால் ஒரு நாள் வேலைதானே," என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய தாயைப்பற்றி ஏதோ சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன்.

சீமெந்து கல்லை மூச்சுவிட விடாதாம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகுமாம், ஈரமாய் இருக்கும்போது உறைபனி பட்டால் உதிர்ந்துவிடுமாம். அதனால் பனிக்காலத்துக்கு முன் அடுப்பு வாய் வேலையை முடித்தே ஆகவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். தலையாட்டினேன்.

என் மனைவி பவளராணியும் வந்திருந்தாள். வேலையாட்கள் வந்தால் தேத்தண்ணீர் கொடுக்காமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. பிளாஸ்கில் தேத்தண்ணீர், ஒரு டப்பா உளுந்து வடை. கொடுத்துவிட்டுக் காரில் ஏறுவாள் என்று பார்த்தால், அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, உள்ளுக்க ஆரும் இருக்கினமோ?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

செப்டெம்பர் 13

பவளம் இன்றைக்கும் பண்ணைக்குப் போனாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"கேரத் என்னையும் வேலைக்குச் சேர்க்கிறாராம். ஆக்கள் சும்மா வந்து உதவி செய்யலாமாம்."

"உமக்கு வீட்டில வேலை இல்லையோ?"

"பிள்ளை கலியாணம் கட்டிக்கொண்டு போட்டாள். நீங்கள் கடையில. வீட்டில நானும் பிறிஜ்ஜும்தான்."

பஸ்ஸில் சந்திவரைக்கும் போவாளாம். அங்கிருந்து கேரத் தன் வான் வண்டியில் ஏற்றிப் போவாராம். எனக்கு அலைச்சல் மிச்சம்.

செப்டெம்பர் 16

கொட்டகைக் கமராவை முற்றத்து மூலைப் பக்கம் திருப்பிவிட்டேன். இந்தப் பக்கத்தில் இரும்புக் களவு கூட. அந்தாள் விட்டுவிட்டுப் போகிற சாமான் களவு போனால் பழி என் தலையில் விழும். கடையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம். சத்தம் வராது, படம் மட்டும்தான்.

செப்டெம்பர் 18

முருங்கைக்காய் வந்தது, நல்ல இளசு. கமராவில் பவளம் சுண்ணாம்பும் மணலும் குழைக்கிறாள். சப்பாத்திக் கட்டையே கனம் என்று குறைசொல்லும் ஆள், மண்வெட்டி பிடிக்கிறாள். அவன் பக்கத்தில் நின்று ஏதோ சொல்கிறான். அவள் தலையை நிமிர்த்திச் சிரிக்கிறாள். பல்லுத் தெரியச் சிரிக்கிறாள்.

மனேச்சர் சிவநேசன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அண்ணை, என்ன படம் ஓடுது?"

"கொட்டகைக் கமராடா. களவுக்கு."

"களவாணியைப் பாத்தா எங்கட அக்கா மாதிரி இருக்கிறா."

"போய்ப் பால் மாவை அடுக்கு."

"சத்தமில்லாத படம் பாத்தா விசர் வரும் அண்ணை. வசனத்தை நாங்களே எழுதவேண்டி வரும்."

வாய்க்காரன். ஆனால் கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 22

இன்று மத்தியானம் கமராவில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இருவரும் சாப்பிட்டார்கள். பவளம் புட்டும் மீன் குழம்பும் கொண்டுபோயிருக்கிறாள். எனக்கு நேற்றைய கறியைச் சூடாக்கி வைத்துவிட்டு, அவனுக்குப் புதுக் குழம்பு. அவன் கையால் சாப்பிடப் பழகிவிட்டான். பிறகு பவளம் பேசத் தொடங்கினாள். அவள்தான் பேசினாள், அவன் கேட்டான். கையை ஆட்டி, அடுப்பு வாயைக் காட்டி, தலைக்கு மேல் கையை வைத்து, நெடுநேரம். இடையில் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் தொடவில்லை. அதைச் சொல்லவேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

பவளம் அழுது நான் பார்த்ததில்லை. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில், மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட இல்லை.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

"இண்டைக்கு என்ன நடந்தது அங்க?"

"என்ன நடக்கிறது. கல்லுக்குள்ள சுண்ணாம்பு வைச்சம்."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை. ரசம் விடட்டோ?"

செப்டெம்பர் 24

நெத்தலி தரம் குறைவு, திருப்பி அனுப்பினேன். கமரா: காலையிலிருந்து பின்னேரம்வரை இருவரும்.

செப்டெம்பர் 28

நானே ஒருநாள் நின்று பார்த்தால் என்ன என்று போனேன். வெறுங்கையோடு போகவில்லை, பவளத்துக்கு நல்ல தோல் கையுறை வாங்கிக்கொண்டு போனேன். அவள் கையில் ஏற்கெனவே ஒரு சோடி இருந்தது, சுண்ணாம்பு ஊறிய பழசு, ஒன்றில் ஒரு விரல் பாதியில் வெட்டித் தைத்திருந்தது. யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

"இது புதுசு. போடும்," என்றேன்.

"புதுசு இறுக்கமப்பா. இது கைக்குப் பழகிப்போச்சு."

இரண்டு மணிநேரம் நின்றேன். அவர்கள் ஒரு கல்லைப்பற்றி அவ்வளவு நேரமும் பேசினார்கள். நான் சொன்ன இரண்டு பகிடிக்கும் அவன் மரியாதைக்குச் சிரித்தான். கையுறையை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினேன்.

ஒக்டோபர் 4

மனதை அடக்கி எழுதப் பார்க்கிறேன்.

மா இறக்கப் பண்ணைக்குப் போயிருந்தேன். பவளம் கை கழுவப் போன நேரம் கேரத் என்னிடம் வந்தான். வாயின் இடுக்கெல்லாம் சுரண்டித் திறந்தாகிவிட்டது, வளைவு இப்போது மர ஆப்பிலும் தாங்குகட்டையிலும்தான் நிற்கிறது, சுவரின் தலையையும் மேலே திறந்து தறப்பாள் போட்டு மூடியிருக்கிறேன், இன்னும் இரண்டு கிழமையில் இறுக்கி முடித்துவிடலாம் என்றெல்லாம் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உங்கள் மனைவி இந்த வாயில் இவ்வளவு கவனமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தம்பியோடு அப்படி ஒரு அடுப்புக்குள் அடைபட்டுக் கிடந்தவர். எப்படித்தான் இதற்குள் கை வைக்கிறார் என்று நினைப்பேன். உங்களுக்குத் தெரியாததா."

"தெரியும், தெரியும்," என்றேன்.

எனக்குத் தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான். பவளத்தின் தகப்பனுக்குச் சாவகச்சேரியில் பேக்கரி இருந்தது. சண்டையில் போய்விட்டது. ஒரு தம்பி, நிமலன், ஷெல்லடியில் போய்விட்டான். சாமியறையில் படம் இருக்கிறது, வெள்ளைச் சட்டை, நடு உச்சி. வருகிறவர்கள் கேட்டால் "மச்சான், ஷெல்லில போனவர்" என்று நான்தான் சொல்வேன். கலியாணம் முடிந்த கையோடு அவளிடம் சொன்னேன், பழசைக் கிளற வேண்டாம், புதுசாகத் தொடங்குவோம் என்று. நல்ல வார்த்தை அது. அந்த வார்த்தையில்தான் எங்கள் குடும்பம் இவ்வளவு காலம் சச்சரவில்லாமல் ஓடியது. என்னிடம் சொல்லாத ஒன்றை, போன மாதம் வந்த ஒரு கல்லுக்காரனுக்குப் புட்டோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறாள்.

வரும் வழியில் காரில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் வானொலியைப் போட்டேன்.

ஒக்டோபர் 5

தீபாவளிச் சாமான் வரத் தொடங்குகிறது. முற்றம் முழுக்கப் பெட்டி இருக்கும். வெளியாள் நடமாடி ஒருவர் காலில் ஏதாவது விழுந்தால் காப்புறுதிக்காரன் என்னைத்தான் பிடிப்பான். அதனால் தீபாவளி முடியும்வரை பண்ணை வாசல் படலை பூட்டு. இது வியாபார முடிவு.

கேரத் படலைக்கு வெளியே நின்று கேட்டான். "இப்போது நிறுத்தினால் சரியில்லை. திறந்த காயம் மாதிரி இருக்கிறது."

"கொஞ்ச நாள்தானே."

"நான் தனியாக வந்து முடிக்கிறேன். உங்கள் மனைவி வர வேண்டியதில்லை."

அதை ஏன் சொன்னான்? நான் அவளைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே.

"காப்புறுதி," என்றேன்.

படலைக் கம்பியைப் பிடித்தான். "அப்படியென்றால் தறப்பாளையாவது பாருங்கள். காற்றடித்தால் கழரும். மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கவே கூடாது." பார்க்கிறேன் என்றேன்.

வீட்டில் பவளம் காத்திருந்தாள்.

"படலையைப் பூட்டினனீங்களாம்."

"சாமான் வருது. உமக்குத் தெரியும்தானே."

"மூலைக்கும் சாமானுக்கும் என்ன? போன தீவாளிக்கும் சாமான் வந்தது."

"இந்த முறை கூட. கடையிலயும் ஆள் காணாது. நீர் வந்து கவுண்டரில நில்லும்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 9

பவளம் கவுண்டரில். சனம் எல்லாம் அவளோடு நின்று கதைத்துவிட்டுத்தான் போகிறது, விற்பனையும் கூட. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்.

அவள் நகத்துக்குள் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

ஒக்டோபர் 14

இரவு முழுக்கக் காற்று. காலையில் கமராவைப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு குருவிகூட இல்லை. நிம்மதி. தறப்பாள் ஒரு பக்கம் கழன்று சுவரிலிருந்து தொங்குகிறது. போகும்போது கட்டவேண்டும்.

ஒக்டோபர் 15

தறப்பாள் முழுக்க விழுந்துவிட்டது. இன்று லட்டு, பூந்தி வருகிறது. நாளைக்குப் பார்ப்போம்.

ஒக்டோபர் 18

மூன்று நாளாக விடாத மழை. பவளம் கவுண்டரில் இருந்து கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, தறப்பாள் இருக்கோ?"

"இருக்கு."

"கமராவில பாத்தனீங்களோ?"

"பாத்தனான். இருக்கு."

இருக்கிறதுதானே. நிலத்தில் இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது.

ஒக்டோபர் 23

பண்ணைக்குப் போனேன். நெய் இறக்கிவிட்டு நேரே திரும்பிவிட்டேன். மூலைப் பக்கம் போக நேரம் இல்லை. மழையில் காலில் போட்ட சப்பாத்துப் பழுதாகிவிடும்.

ஒக்டோபர் 31

தீபாவளி. விற்பனை போன வருடத்தைவிட நல்லது. பவளத்துக்குக் காஞ்சிபுரம் எடுத்துக் கொடுத்தேன், மயில்கழுத்து நிறம். விரித்துப் பார்த்தாள், மடிப்புக் குலையாமல் மடித்தாள், அலுமாரியில் வைத்தாள்.

"நாளைக்குப் படலை திறப்பியளோ?"

"கொன்ரெய்னர் ஒண்டு பாக்கி. திங்கள் திறப்பம்."

கொன்ரெய்னர் ஒன்றும் பாக்கி இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 3

காலையில் கார் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. இந்த வருடம் முன்னதாகவே வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 4

கடை திறந்ததும் கமராவைப் பார்த்தேன். படத்தில் ஏதோ பிழை. முதலில் கமராதான் அசைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு விளங்கியது.

சிவநேசனிடம் கடையை விட்டுவிட்டுப் பறந்தேன்.

மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அங்கே உறைந்து வீங்கி, சுவரைப் பிளந்திருக்கிறது. மேற்சுவர் சரிந்து வளைவின்மேல் விழுந்து, ஆப்பு, தாங்குகட்டை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. வாய் இருந்த இடத்தில் கற்குவியல். அடுப்புக்குள் போக ஒரு எலிக்குத்தான் வழி இருக்கும்.

தறப்பாள் பக்கத்திலேயே கிடந்தது, பனியில் விறைத்துத் தகரம் மாதிரி. அதை இழுத்துக் கட்டப் பார்த்தேன். எதன்மேல் கட்டுவது?

நவம்பர் 5

நான் சொல்லாமலே பவளத்துக்குத் தெரிந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து நேற்றே ஹெலனுக்கு அறிவித்திருந்தேன்; கேரத்துக்கு ஹெலன் சொல்லி, அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார். காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். "கூட்டிக்கொண்டு போங்கோ."

பண்ணையில் இறங்கிப் போய்க் கற்குவியலுக்கு முன்னால் நின்றாள். குந்தினாள். ஒரு கல்லை எடுத்து அப்பால் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு வேகமாக, இரண்டு கையாலும், கையுறை இல்லாமல், எடுத்து எறியத் தொடங்கினாள். உள்ளே ஆள் இருப்பதுபோல. நான் தோளைப் பிடித்தேன்.

"விடுங்கோ."

"பவளம், அதுக்குள்ள ஒருத்தரும் இல்லை."

அவள் கை நின்றது. மூச்சு வாங்கியது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தறப்பாள் எப்ப விழுந்தது?"

இதற்கு எத்தனையோ விடை என்னிடம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "பதினைஞ்சாம் திகதி."

"தறப்பாள் இருக்கோ எண்டு நான் கேட்டது அதுக்குப் பிறகு."

"ஓம்."

"நீங்கள் கமராவை இஞ்சால திருப்பினது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். பாக்கட்டும் எண்டு விட்டனான். அவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள், ஒருநாள் வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டனான். ஒண்டுமில்லை எண்டனீர்."

"ரசத்தையும் சோத்தையும் குழைச்சுக்கொண்டு கேட்டனீங்கள்," என்றாள்.

நவம்பர் 7

ஹெலன் வந்தார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். என் செலவில் வளைவைத் திரும்பக் கட்டித் தருகிறேன், எவ்வளவு என்றாலும் சரி, முன்னையதைவிடத் திறமாக. பேரம் பேசாமல் நான் ஒரு சாமானுக்குச் சம்மதித்தது வாழ்நாளில் இதுதான் முதல்.

"முடியாது," என்றார்.

"அதே கல்லு. அதே மேசன்."

"கட்டலாம். ஆனால் அது நாம் கட்டிய வளைவாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதைப் பழசு என்று காட்டுவது பொய். எங்கள் வேலை, நிற்பதை நிற்கவைப்பது. விழுந்தது விழுந்ததுதான்."

அப்படி ஒரு சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. காசுக்கு ஈடுகட்ட முடியாத நட்டம் என்று ஒன்று இருக்கிறதாம்.

பவளம் பின்னேரம் ஒரு பெட்டியோடு இறங்கினாள். லீட்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம்.

"எப்ப வருவீர்?"

"தெரியாது. பிறிஜ்ஜுக்க கறி மூண்டு டப்பா இருக்கு. பச்சை மூடியை முதல்ல முடியுங்கோ, அது மீன்."

நவம்பர் 10

பச்சை மூடி முடிந்தது.

நவம்பர் 15

சிவநேசன் இப்போது பகிடி விடுவதில்லை. "அண்ணை, வீட்டில இருந்து சாப்பாடு கொண்டுவரட்டோ?" என்கிறான். பகிடி விட்டாலாவது பரவாயில்லை.

நவம்பர் 21

மகள் போன் எடுத்தாள். "அப்பா, அம்மா நல்லா இருக்கிறா. உங்களுக்கு அவவோட என்ன பிரச்சினை எண்டு நான் கேக்கேல்ல. ஆனா நீங்கள் மாமாவின்ர படத்துக்குப் பூ வைக்கிறனீங்களோ எண்டு அவ கேக்கச் சொன்னவ." வைக்கவில்லை. வைக்கிறேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு, கடையில் இருந்து ஒரு முழம் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், படத்தில் அவன் போட்டிருப்பது பள்ளிக்கூடச் சட்டை. அதுவும் பெரிய பள்ளிக்கூடத்துச் சட்டை இல்லை.

நவம்பர் 26

படலை திறந்தேதான் கிடக்கிறது. இன்று போனபோது கேரத் இருந்தார். விழுந்த கற்களை வகைபிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு முகம் கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். "அந்தப் பக்கம் பிடியுங்கள்," என்றார். பிடித்தேன். மத்தியானம்வரை பிடித்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் நானே சொன்னேன். "தறப்பாளை நான் பார்த்தேன். விழுந்ததைப் பார்த்தேன்."

"தெரியும்," என்றார். "பவளா சொன்னார்."

பவளா. அப்படித்தான் கூப்பிடுகிறார். இன்னமும் சுருக்கென்றுதான் குத்துகிறது. எழுதி வைக்கிறேன்.

"எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன்," என்றார். "ஆனால் நிற்கிற சுவர்களின் தலை இன்னும் திறந்து கிடக்கிறது. அதை மூடவேண்டும். உங்கள் பின் வயலில் நல்ல புல் இருக்கிறது." மண்ணோடு சேர்த்துப் புல்லைப் பாயாக வெட்டி, சுவர்த் தலையில் விரிப்பார்களாம். மழையையும் பனியையும் புல் வாங்கிக்கொள்ளும். சுவர் உள்ளே காய்ந்திருக்கும். சுண்ணாம்பைப்போல இதற்கு உறைபனிக் கணக்கு இல்லை. "இதற்கு இரண்டு பேர் போதாது," என்றார். "அவரைக் கேளுங்கள்."

"நீங்கள் கேட்டால் வருவா."

"நான் கேட்டால் வருவார்," என்றார். "அதனால்தான் உங்களைச் சொல்கிறேன்."

நவம்பர் 27

மகள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். பவளம்தான் எடுத்தாள். புல்லு விஷயம் சொன்னேன். இரண்டு சுவருக்கும் காணுமோ, போதுமோ என்று கேட்டாள். காணும் என்றேன், பிறகு, நான் அளக்கவில்லை, கேரத் சொன்னது என்றேன்.

"சனிக்கிழமை பஸ்ஸில வாறன்," என்றாள்.

"நான் வந்து ஏத்துறன்."

"சரி."

நவம்பர் 30

பவளம் வந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேரே பண்ணைக்கு. கேரத் பின் வயலில் புல் வெட்ட, நான் தள்ளுவண்டியில் கொண்டுவர, பவளம் ஏணியில் நின்று விரித்தாள். பச்சைப் பாய் ஒவ்வொன்றும் நனைந்த அரிசி மூட்டைக் கனம். வேர்ப்பக்கம் கீழே, விளிம்பு விளிம்போடு முட்ட, இடைவெளி இல்லாமல். நான் வைத்த இரண்டைக் கழற்றித் திரும்ப வைத்தாள்.

"இதோட சரியோ? இனி இடியாதோ?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது? வருசா வருசம் ஏறிப் பாக்கோணும். காய்ஞ்ச இடத்தில புதுசு வைக்கோணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"சுவர் நிக்கிற மட்டும்."

கேரத் அடுத்த வண்டிக்குப் புல் வெட்டப் போயிருந்தார். நாங்கள் இருவரும் சுவரோரம் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். வாய் இருந்த இடம் எங்களுக்கு முன்னால் திறந்து கிடந்தது. கற்களை எடுத்துவிட்டதால் அடுப்பின் உள்வயிறு முழுக்க வெளிச்சம். கையில் சோறு இல்லை, பார்க்கக் கமரா இல்லை. கேட்டேன்.

"அண்டைக்கு என்ன நடந்தது? சாவகச்சேரியில."

"கேரத் சொல்லேல்லையோ?"

"அவரிட்டக் கேக்கேல்ல. உம்மட்டக் கேக்கிறன்."

கோப்பையை நிலத்தில் வைத்தாள். "தமிழில சொல்ல வராதப்பா," என்றாள். "அவருக்கு நான் ஏன் சொன்னனான் எண்டு நினைக்கிறியள்? இங்கிலிஷில சொல்லேக்க, வேற ஆருக்கோ நடந்த மாதிரி இருந்தது. தமிழில வாயத் திறந்தா அங்க நிக்கிறன்."

"அப்ப இங்கிலிஷில சொல்லும்."

"உங்கட கடை இங்கிலிஷுக்கோ?"

"பாஸ்மதி எந்த ராக்கையில இருக்கு எண்டு நீர் கேட்டா அதைவிடத் திறமாச் சொல்லுவன். சொல்லும்."

உதட்டின் ஓரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு இங்கிலிஷில் சொன்னாள், மெதுவாக, நான் விளங்கிக்கொள்ளும்படி. ஷெல் விழத் தொடங்கியதும் தகப்பன் இருவரையும் ஆறிப்போன போறணைக்குள் போகச் சொன்னார். ஊரிலேயே தடித்த சுவர் அதுதான். ஒன்று முன்சுவரில் விழுந்தது. அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் மட்டும் இடிந்து மூடிக்கொண்டது. உள்ளே இருட்டு, செங்கல் தூள். தம்பிக்கு மூச்சிழுப்பு வருத்தம். ஆட்கள் வெளியே கையால் கல்லை எடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கும் கொஞ்சநேரம் கேட்டது. வழி திறந்தபோது அவள் மட்டும் வந்தாள்.

ஷெல்லில் போனவர் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவளும் பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்பாள். ஒருநாளும் திருத்தவில்லை.

கவலையைச் சொல்லும் இங்கிலிஷ் வார்த்தை எல்லாம் கடையில் சாமான் இல்லாதபோது சொல்லுகிற வார்த்தைகள். அதனால் கேட்கத்தான் முடிந்தது. இங்கிலிஷிலேயே கேட்டேன், தம்பிக்கு அப்போது எத்தனை வயது என்று.

பவளம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லைபோல.

"ஒன்பது," என்றாள், தமிழில். "ஒன்பது முடிஞ்சு, பத்து நடந்துகொண்டிருந்தது."